ரைட் கார்னரில் நிற்பவன்

கபடியில் பாடிப் போகிறவனைப் பற்றி ஊருக்குள் பெரிய சண்டை வராது. தொட்டுவிட்டு வந்தால் விசில் அடிப்பார்கள். மாட்டிக்கொண்டால் அடுத்த ரெய்டில் எடுத்துவிடுவான் என்பார்கள். கார்னரில் நிற்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிடித்தால், வந்த ரெய்டர் சோப்ளாங்கி என்பார்கள். விட்டால், இவனை எவன் கார்னரில் நிற்க வைத்தது என்பார்கள். நாற்பது நிமிட ஆட்டத்தில் அவன் பக்கம் யாரும் வராமலே போய்விட்டால், சும்மா நின்றுவிட்டு வந்தான் என்று முடித்துவிடுவார்கள்.

தாமலில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் பொங்கல் முடிந்ததிலிருந்து ஓடுகிற பேச்சு அந்தக் கடைசி வகை. பேச்சில் அடிபடுகிறவன் எங்கள் களத்தில் வளர்ந்த பையன். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துப் படிக்கிறான். கல்லூரி அணிக்கு ரைட் கார்னர். பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் நடந்த இரவு ஆட்டத்தில் ஊர் அணிக்காக இறங்கினான். அரையிறுதியில் தோற்றோம். அன்றிலிருந்து டீக்கடை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"செமீஸ்ல எத்தினி புடிச்சான்? ஒண்ணு. இதுக்கா காலேஜ்ல சீட்டு குடுத்தாங்க?"

"அவன் பக்கம் எவன்பா போனான், புடிக்கறதுக்கு?"

"அத உடு. திமிர பாத்தியா? புடிச்சா தொடைய தட்டி கூட்டத்த பாக்கறான். இல்லன்னா அம்பயர மொறைக்கிறான். பெரியவரு கை குடுக்க வந்தா பாக்காத மாரி போறான்."

"தொடைய தட்டலன்னா அது இன்னா கபடி? பஜனையா?"

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்திலேயே, ஊர்ச் சபையின் வாரியத்துக்கு ஆள் எடுக்க 35 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், 70 வயதுக்குள் இருக்க வேண்டும், கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவன் கூடாது என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்தார்கள். கபடி அணிக்கு ஆள் எடுக்க யாரும் எதையும் வெட்டி வைக்காததால் டீக்கடை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறது. என்னிடமும் கேட்டார்கள். "நீங்க பழக்கின பையன், நீங்களே சொல்லுங்க மாஸ்டர்."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. கார்னரில் நிற்பது என்ன வேலை என்று தெரிந்தால்தான் அவன் அதைச் செய்தானா இல்லையா என்று பேச முடியும். கார்னர் பழக வேண்டும் என்று வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டீக்கடைக்காரர்களும் படித்தால் சந்தோஷம்.

முதலில் இடம். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மீட்டர் லாபிக்குப் போய்விடும். ரெய்டர் மேல் கை படும்வரை லாபியில் கால் வைக்கக் கூடாது, ஆகவே ஆடக் கிடைக்கிற அகலம் 8 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. அதற்குப் பின்னால் கடைசிக் கோடு வரைக்கும் மிச்சம் 1.75 மீட்டர். நம் வீட்டுக் கட்டில் நீளம்கூட இல்லை. ரெய்டர் நம் பக்கம் ஏறி வரும்போது கார்னருக்கு ஒதுங்க இருக்கிற இடம் அவ்வளவுதான். பின்னால் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, எதிரில் எழுபது எண்பது கிலோ ஆள், அவனுக்கு முப்பது விநாடி. இதில் பதறாமல் நிற்கப் பழகுவதுதான் முதல் பாடம். பிடிப்பதெல்லாம் ரொம்பப் பின்னால்.

எனக்குப் பழக்கிய மாஸ்டர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பம் ஏறி இறங்கிய கை. எங்கள் மணிக்கட்டைப் பிடித்தால் விரல் பதிந்த தடம் ராத்திரி வரை இருக்கும். பிடிப்பது எப்படி என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. சாயந்திரம் வந்ததும் கார்னரில் நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து எங்கள் குதிகாலுக்கு அடியில் ஒரு துடைப்பக் குச்சியை நுழைத்துப் பார்ப்பார். குச்சி தாராளமாகப் போய்வந்தால் உடம்பின் பாரம் முன்காலில் இருக்கிறது என்று அர்த்தம். முட்டினால் பாரம் குதிகாலில் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் கிடையாது, ஓரமாய் நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதுதான். குதிகாலில் பாரம் வைத்து நிற்பவன் பாய வேண்டுமென்றால் முதலில் பாரத்தை முன்னே கொண்டு வர வேண்டும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் ரெய்டர் காலை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

நகரும்போது காலைப் பின்னக் கூடாது. வலது பக்கம் போக வேண்டுமானால் வலது கால் முதலில், இடது கால் இழுத்துக்கொண்டு பின்னால். சின்னச் சின்னதாக. காலைக் குறுக்கே மாற்றி வைக்கிற நொடிக்காகவே நல்ல ரெய்டர் காத்திருப்பான். ஒரு பையன் நன்றாகத்தான் நகர்வான், பாதி ஆட்டம் தாண்டியதும் களைப்பில் கால் பின்ன ஆரம்பித்துவிடும். அவன் இரண்டு கணுக்காலிலும் ஒரு முழம் கயிற்றைக் கட்டி நடக்கவிட்டேன். பின்னினால் குப்புற விழுவான். சில வாரம் மண்ணைத் தின்றான். பிறகு சரியாகிவிட்டது.

அடுத்தது கண். புதிதாக வருகிறவன் ரெய்டரின் முகத்தைப் பார்ப்பான், இல்லையென்றால் கையைப் பார்ப்பான். முகம் பொய் சொல்லும். கை அதைவிடப் பொய் சொல்லும். ரெய்டர் மேலே கையை வீசிக் காட்டிவிட்டுக் கீழே கால் கட்டை விரலால் தொட்டுவிட்டுப் போவான். பார்க்க வேண்டிய இடம் இடுப்பு. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போக முடியும். எவ்வளவு பெரிய ரெய்டராக இருந்தாலும் இடுப்பை விட்டுவிட்டு உதைக்க முடியாது. பார்வையை இடுப்பில் வைத்துக்கொண்டால் முழங்கால் தானாகத் தெரியும், கணுக்கால் அதற்கடியில் இருக்கும்.

பிறகு செயின். ரைட் கார்னரின் இடது கையை ரைட் இன் பிடித்திருப்பான். பழகாதவர்கள் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து இறுக்கிக்கொள்வார்கள். பாய வேண்டிய நேரத்தில் பக்கத்துக்காரன் கையை விடவில்லை என்றால் இருவரும் சேர்ந்து விழுவார்கள், ரெய்டர் இருவரையும் தொட்டுவிட்டுப் போவான். இரண்டு விரலைக் கொக்கி மாதிரி மடக்கி மாட்ட வேண்டும். இழுத்தால் நிற்க வேண்டும், பாய்ந்தால் தானாகக் கழன்றுவிட வேண்டும். மாஸ்டர் பின்னால் வந்து நின்று, கோத்த விரலை எதிர்பாராத நேரத்தில் உருவிப் பார்ப்பார். உருவ முடியாவிட்டால் மண்டையில் ஒரு குட்டு. அந்தக் கையின் பிடியில் இன்னொரு காரியமும் நடக்கிறது. நான் இப்போது போகப் போகிறேன் என்று பக்கத்துக்காரனுக்குச் சொல்வது அந்த விரல்தான். ஒரு சின்ன அழுத்தம். வாயால் சொன்னால் ரெய்டருக்கும் கேட்டுவிடும்.

இதெல்லாம் கை கூடிய பிறகுதான் ஆங்கிள் ஹோல்டு. பிள்ளைகள் இதற்காகத்தான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். டிவியில் பார்த்துவிட்டு முதல் நாளே காலில் பாய்வார்கள். தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாய்ந்தால் ரெய்டரின் முழங்கால் மூக்கில் விழும். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தலை அவன் காலுக்கு வெளிப்பக்கம் போக வேண்டும், இரண்டு காலுக்கும் நடுவில் போகக் கூடாது. தோள் அவன் கெண்டைக்கால் மேல் அழுந்த வேண்டும். விரல்களுக்குள் விரலைக் கோத்துப் பிடிக்கக் கூடாது. ஆள் திமிறும்போது கோத்த விரல்தான் முதலில் போகும். ஒரு கையின் மணிக்கட்டை இன்னொரு கை கவ்விப் பூட்ட வேண்டும். பூட்டியதும் அந்தக் காலைத் தரையிலிருந்து தூக்கி நம் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பவனால் நடுக்கோட்டுக்குத் தாவ முடியாது. அதற்குள் கவர் வந்து மோதியிருப்பான், இல்லையென்றால் வந்திருக்க வேண்டும்.

எப்போது பாய்வது என்பதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, காட்டிக் கொடுக்கலாம். போனஸ் எடுக்க வருகிற ரெய்டர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து, பின்காலைத் தரையிலிருந்து தூக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் முழு உடம்பும் அந்த ஒற்றைக் காலில் நிற்கிறது. அவனால் அதை எடுக்க முடியாது. பாய்கிற நேரம் அதுதான். கால் அந்தரத்தில் இருக்கும்போது பாய்ந்தால் காற்றைத்தான் பிடிப்போம். களத்தில் ஆறு பேராவது இருக்கும்போதுதான் போனஸ் உண்டு என்பதால், எத்தனை பேர் நிற்கிறோம் என்ற கணக்கு கார்னரின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று பேர் அல்லது அதற்கும் கீழே நின்றால் வேறு கணக்கு. அப்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், ஒன்றுக்கு இரண்டு பாயிண்ட். ஆனால் அந்த நேரத்தில் பிடிக்க ஆசைப்பட்டு முந்திப் போகிறவன்தான் அதிகம்.

முந்திப் போவது கார்னரின் பெரிய வியாதி. அட்வான்ஸ் டேக்கிள் என்கிறோமே, அது. ரெய்டர் காலைக் காட்டுவான். நிஜமாகவே நீட்டியது போல இருக்கும். நாம் பாய்வோம். அவன் காலை மடக்கி நம் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு நடந்து போவான். இதற்கு மருந்தாக மாஸ்டர் ஒரு வேலை செய்வார். மழைக்குப் பிறகு யாராவது தோப்பில் சாய்ந்த வாழை மரத்தைக் கொண்டுவந்து, ஆள் கால் நீளத்துக்கு வெட்டிக் களத்தில் நட்டுவிடுவார். மேல்பட்டையை உரித்துவிட்டால் வியர்த்த காலைவிட வழுக்கும். அவர் கை தட்டும்போது அதைப் பாய்ந்து பிடித்துத் தூக்க வேண்டும். ஆனால் கையை ஓங்குவார், தட்டமாட்டார். மறுபடி ஓங்குவார், தட்டமாட்டார். பொறுக்காமல் எவனாவது பாய்ந்தால், களத்தைச் சுற்றி ஓட்டம். இருட்டும் வரைக்கும் ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு வீட்டுக்குப் போன நாளெல்லாம் உண்டு. அப்போது எங்களுக்குக் கோபம் வரும். இப்போது நான் அதையே செய்கிறேன், பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பல ஊர்ப் போட்டிகளில் மேட் விரிக்கிறார்கள், ஷூ போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். நல்லதுதான், தோல் உரியாது. ஆனால் பழகுவதற்கு நான் இன்னும் மண்ணைத்தான் நம்புகிறேன். ஏரிப் பக்கத்து மண்ணை மட்டும் போட்டால் காய்ந்ததும் பாறை ஆகிவிடும். செம்மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்து, சலித்து, நெருஞ்சி முள் பொறுக்கி, முந்தின ராத்திரியே தண்ணீர் தெளித்து விட வேண்டும். மறுநாள் சாயந்திரம் கட்டை விரல் பதிகிற மாதிரி இருக்க வேண்டும், கால் புதையக் கூடாது. அந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்கும்போது விரல்கள் தரையைக் கவ்வப் பழகுகின்றன. ஆட்டம் முடிந்து பார்த்தால் ரெய்டர் எங்கே தயங்கினான், எங்கே திரும்பினான் என்பதெல்லாம் தடமாகக் கிடக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுவேன். மேட்டில் அதற்கு வழியில்லை. மழைக்காலத்தில் தாமல் ஏரி நிரம்பினால் எங்கள் களம் சொதசொதவென்று ஆகிவிடும். அந்த நாட்களில் பாய்ச்சல் கிடையாது, நின்று நகர்வது மட்டும்.

பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். 2025-இல் 'பைசன்' படம் வந்த பிறகு மணத்தி கணேசன் பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது வாங்கியவர். படம் வந்த அதே 2025-இல் கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கத்தோடு திரும்பியதும் எங்கள் களத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ரொம்ப நல்லது. ஆனால் வருகிற எல்லோரும் ரெய்டு போக வேண்டும் என்கிறார்கள். கார்னர் என்றால் முகம் சுருங்குகிறது. அவர்களுக்கு நான் தர்மராஜ் சேரலாதனைப் பற்றிச் சொல்வேன்.

தஞ்சாவூர் மாவட்டக்காரர். 1975-இல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபோது பல ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டுகிற வயதை அவர் தாண்டியிருந்தார். 2016-இல், 41 வயதில், பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வாங்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். வடக்கத்திப் பையன்கள்கூட அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். கார்னரில் அவர் நிற்பதைப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குப் போனில் போட்டுக் காட்டுவேன். பிடித்த பிறகு எழுந்து தன் இடத்துக்குப் போவார், அவ்வளவுதான்.

2018-இல் யு மும்பா அணியில் அவர் ஒரு கார்னர். மறு கார்னரில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. அந்த ஆண்டு ஏலத்தில்தான் ஃபசல் ஒரு கோடி ரூபாய்க்குப் போனார். அந்த லீக்கில் அவ்வளவு தொகைக்கு எடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவர். ஃபசல் பிடித்தால் சும்மா இருக்கமாட்டார். தொடை தட்டல், முறைப்பு, கூட்டத்தைப் பார்த்துக் கை வீசுவது எல்லாம் உண்டு. அந்த லீக்கில் பிடித்து வாங்கிய பாயிண்ட்டில் அவரை மிஞ்சி யாருமில்லை. ஒரே செயினின் இரண்டு முனைகள், ஒருவர் வெடி, ஒருவர் ஊமை. இருவரும் கார்னரில் செய்த வேலை ஒன்றுதான். ஃபசல் எவ்வளவு ஆடினாலும், அடுத்த ரெய்டர் நடுக்கோட்டில் கால் வைக்கும்போது அவர் குதிகால் தரையில் இருக்காது. தொடை தட்டுவது எனக்குப் பிடிக்காது, மாஸ்டர் தட்டவிடமாட்டார். ஆனால் அதை வைத்து ஒருவனுக்கு ஆட்டம் தெரியாது என்று சொல்ல நான் தயாரில்லை.

லாபி விஷயத்தை எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகள் காதில் ஏறாது. அதற்கு ஹாங்சோ ஆட்டத்தைச் சொல்வேன். 2023-இல் அங்கே நடந்த ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் 28-28 என்று நிற்கிறது. பவன் செராவத் ரெய்டு போய், யாரையும் தொடாமலே லாபிக்குள் போய்விட்டார். அவரைத் துரத்தி ஈரான்காரர்களும் லாபிக்குள் இறங்கிவிட்டார்கள். யார் அவுட், எத்தனை பாயிண்ட் என்று தொடங்கிய சண்டை ஆட்டத்தையே நிறுத்திப்போட்டது. பழைய விதி ஒன்று சொல்லும், புதிய விதி ஒன்று சொல்லும். கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. யார் சரி என்று நடுவர்கள் பேசட்டும். கார்னரில் நிற்பவனுக்கு அதில் இருக்கிற பாடம் ஒன்றுதான்: கை படாமல் கோட்டைத் தாண்டாதே. ரெய்டர் தானாக வெளியே போனால் போகட்டும், நீ உன் கோட்டுக்குள் நில்.

இனி நம் பையன்.

அரையிறுதியில் எதிரணியின் பெரிய ரெய்டர் முதல் பாதியின் ஆரம்பத்தில் இவன் பக்கம் வந்தான். போனஸுக்குக் கால் வைத்தான். கணுக்கால் மாட்டியது. சுத்தமான பிடி, கவர் வந்து மோதுவதற்கு முன்பே ஆள் தரையில். அடுத்த தடவையும் அந்தப் பக்கம் திரும்பினான். இவன் பாயவில்லை, அரை அடி மட்டும் முன்னே ஏறினான். ரெய்டர் திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவன் எங்கள் வலது பக்கம் வரவே இல்லை. எட்டு மீட்டர் களத்தில் பாதியை ஒருவன் ஒரே பிடியில் பூட்டிவிட்டான். 'எத்தினி புடிச்சான்' என்ற கணக்கில் இது ஒன்று. அந்த ஒன்றுக்குப் பின்னால் எதிரணி எடுக்காமல் விட்ட பாயிண்ட்டுகளை எந்த ஸ்கோர் தாளிலும் தேட முடியாது. எங்கள் காலத்து ஸ்கோர் தாளில் ஆளுக்கு எத்தனை என்று எழுதியதும் இல்லை, அணிக்கு எத்தனை என்பதுதான். இந்த ஆள் கணக்கு டிவியோடு வந்தது.

ஆனாலும் 'சும்மா நின்னான்' என்று சொன்னவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கே அது தெரியாது. ரெய்டர் இடது பக்கம் போய்விட்டால் ரைட் கார்னரின் வேலை முடிந்துவிடுவதில்லை. அவன் உள்ளே ஏறி வந்து, ரெய்டர் திரும்பி ஓடுகிற வழியை அடைக்க வேண்டும். எங்கள் லெஃப்ட் கார்னர் புதுப் பையன், ஒல்லி. அவன் இரண்டு தடவை காலைப் பிடித்தான். இரண்டு தடவையும் ரெய்டர் அவனை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். நம் ஆள் வந்திருந்தால் நின்றிருக்கும். வந்தான், அரை நொடி தாமதமாக. தன் பக்கம் ஆள் வராதபோது அவன் குதிகால் தரையில் இறங்கிவிடுகிறது. இதை நான் அவனிடம் சொல்லிவிட்டேன். கல்லூரியில் அவனுக்கு எதிர்ப்பக்கம் நல்ல கார்னர் நிற்கிறான், அங்கே இது வெளியே தெரியாது. ஊர் அணியில் தெரிந்துவிட்டது.

திமிருக்கு வருவோம். அம்பயரை முறைத்தது நிஜம். ஏன் என்று கூட்டத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் வந்த இன்னொரு ரெய்டர் கெண்டைக்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தான். கிராமத்து ஆட்டத்தில் இது பழைய வேலை. உடம்பில் எண்ணெய் கூடாது என்று விதியே இருக்கிறது. நம் பையன் கை வழுக்கியது, எழுந்து உள்ளங்கையை அம்பயரிடம் காட்டினான். விஷயத்தில் அவன் சரி, முறையில் தப்பு. அம்பயரிடம் பேச வேண்டியவன் கேப்டன். கார்னர் செய்ய வேண்டியது கேப்டன் காதில் சொல்லிவிட்டு, கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு தன் இடத்துக்குப் போவது. பெரியவர் கை கொடுத்தபோது பார்க்காமல் போனதற்குச் சாக்கு ஏதும் கிடையாது. தோற்ற கோபம். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். "தோத்தவனுக்குக் கோவம் வரலன்னா தாண்டா தப்பு" என்று டீ கொடுத்து அனுப்பினாராம்.

எனக்குப் பட்ட குறை இது எதுவும் இல்லை. அந்த வழுக்கிய பிடியில் இவன் அவுட் ஆகி சிட்டிங் பிளாக்குக்குப் போனான். போனவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவுட் ஆன கார்னர் உட்காருகிற இடத்திலிருந்து, களத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாதது தெரியும். ரெய்டர் எந்தக் காலை முதலில் வைக்கிறான், திரும்புவதற்கு முன்னால் தோள் எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் வெளியிலிருந்துதான் தெளிவாகப் பிடிபடும். அதை உள்ளே நிற்கிற ஒல்லிப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். யார் முதலில் அவுட்டோ அவன்தான் முதலில் உள்ளே போவான், அது வரைக்கும் வாய்தான் அவனுக்கு ஆயுதம். மாஸ்டர் காலத்தில் சிட்டிங் பிளாக்கில் தலை குனிந்தவனை அடுத்த ஆட்டத்துக்கு எடுக்கவே மாட்டார். நான் அவ்வளவு கடுமை இல்லை. இரண்டு வாரம் அவனைக் களத்துக்குள் விடாமல், வெளியே உட்காரவைத்து, ஒவ்வொரு ரெய்டுக்கும் முன்னால் லெஃப்ட் கார்னருக்கு என்ன வரப் போகிறது என்று சொல்லச் சொன்னேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

என் தீர்ப்பைக் கேட்டால், பிடி முதல் தரம். நிற்பது முதல் தரம். எதிர்ப்பக்கத்துக்கு ஏறி வருவது இன்னும் பழக வேண்டும். கல்லூரி அணியில் அவன் இடம் அவனுக்கு உரியதுதான், யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. தொடையைத் தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும்.

கார்னர் பழக விருப்பம் இருக்கிறவர்கள் சாயந்திரம் ஐந்து மணிக்குமேல் ஏரிக்கரைக் களத்துக்கு வாருங்கள். ஆணானாலும் பெண்ணானாலும் சரி. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வர வேண்டும். கையில் காப்பு, கயிறு, கழுத்தில் செயின் எதுவும் கூடாது. உடம்பில் எண்ணெய் கூடாது. பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று முதல் மாதத்தில் கேட்கக் கூடாது. துடைப்பக் குச்சி நான் கொண்டு வருகிறேன்.